நல்ல முதுகு

சுவிட்சைப் போடுவதற்கு முன்பே மின்சாரப் பாய் சூடாக இருந்தது.

"அக்கா, இது ஏற்கெனவே சுடுதே?"

"முன்னாடி யாராவது படுத்திருப்பாங்க குட்டி. பேசாம படு."

நாற்பதை எட்டிப் பிடித்த பிறகும் அக்காவுக்கு அவள் குட்டிதான். புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றவளை, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கை விரித்துக் கொடுத்தவள் அக்கா. குட்டிக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒருத்திதான். அக்காவோ பத்து வருட முதுகுவலியில் கூனிக் குறுகிப் போனவள். மூன்று மாதமாக இந்தப் பிலாட்டிஸ் உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தும் கூன் இம்மியளவும் நிமிரவில்லை. ஆனாலும், "நீயும் வந்தாத்தான் எனக்குச் சரியாகும்" என்று பிடித்த பிடியில் நின்றாள். துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று குட்டி நினைத்துக்கொண்டாள். பாவம், வேறெப்படி நினைப்பாள்?

வெளியே காலை பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருக்க, இங்கே கனத்த திரைகளை இழுத்துவிட்டு, ரப்பரும் வியர்வையும் தைலமும் கலந்த வாசனையில் ஆறு பெண்கள் சூட்டுப்பாய்களில் மல்லாந்து கிடந்தார்கள். பயிற்சியாளர் தாலாட்டுவதுபோல் "மூச்சை இழுங்க, மெதுவா விடுங்க" என்று சொல்லச் சொல்ல, அறையே ஒரே ஆளாக மூச்சுவிட்டது. குட்டி மூச்சை விட்டாள். அவளுக்கு அடியில் பாய் மெல்ல உப்பியது. அவள் இழுத்தாள். பாய் தாழ்ந்தது. புதுசு, அதனால்தான் மனம் என்னென்னவோ நினைக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அடுத்தது ரிஃபார்மர். கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதன்மேல் சக்கரத்தில் ஓடும் பலகை, அடியில் நான்கு ஸ்பிரிங்குகள். படுத்தவுடன் தோள்களை இரண்டு கட்டைகள் பிடித்துக்கொண்டன. அக்காவே குனிந்து பாதங்களில் வாரை மாட்டி, ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக இறுக்கினாள். மற்ற பெண்கள் சொல்லிவைத்தாற்போல் எழுந்து வெளியே போனார்கள்.

"வகுப்பு முடிஞ்சிடுச்சா?"

"உங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம்" என்றார் பயிற்சியாளர். கையிலிருந்த சேர்க்கைப் படிவத்தை அவள் தலைமாட்டில் செருகினார்.

குட்டி எந்தப் படிவமும் எழுதிக் கொடுக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அக்காவின் சாய்ந்த கையெழுத்து.

முதுகில் குறை உண்டா? இல்லை. நல்ல முதுகு.

வரத் தாமதமானால் தேடுவோர்? யாரும் இல்லை.

தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது. அவள் இன்னும் புருஷன் வீட்டில் இருந்த நாள். "வந்துடு குட்டி, அவன்கூட எதுக்குக் கஷ்டப்படறே" என்று அக்கா போனில் சொல்லத் தொடங்கிய வாரம்.



"யாரும் இல்லைன்னு எழுதியிருக்கே. நீ இருக்கியே அக்கா?"

அக்கா பக்கத்தில் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"தள்ளுங்க" என்றார் பயிற்சியாளர்.

குட்டி தள்ளவில்லை. பலகை தானே ஓடியது. ஸ்பிரிங்குகள் முனகின. பலகை திரும்பி வந்து மோதியது.

அக்காவின் இடுப்பில் நெட்டி முறிந்தது. குட்டியின் இடுப்பில் எலும்பு ஒன்று காணாமல் போனது.

வலி இல்லை. அங்கே எதுவுமே இல்லை.

"அக்கா, நிறுத்தச் சொல்லு."

மறுபடியும். அக்கா ஒரு விரற்கடை உயர்ந்தாள்.

மறுபடியும். தோள்கள் விரிந்தன.

"என்னை நம்பித்தானே வந்தேன்!"

மறுபடியும். அக்காவின் கழுத்து நிமிர்ந்தது. குட்டியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. தூக்க முடியவில்லை. குரலும் வரவில்லை.

பலகை நின்றது. பத்து வருடத்தில் முதல்முறையாக அக்கா கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். அழுதாள். ஆனந்தக் கண்ணீர்தான், குட்டிக்கு அது நன்றாகவே தெரிந்தது. பிறகு வாரை அவிழ்த்து, தங்கையின் நெற்றி முடியைப் பாசத்தோடு ஒதுக்கிவிட்டாள்.

"வலிக்கலையேடி?"

காய்ந்த துணியை மடிப்பதுபோல், கால்களைத் தூக்கி மார்பின்மேல் போட்டாள். நீவிவிட்டாள். இன்னும் ஒரு மடிப்பு. முகம் மேலே வரும்படி, சூட்டுப்பாய்களின் வரிசையில் திருப்பி வைத்தாள். குட்டி கண்களைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள்.