கெபிசோன் மேல் கூவிய சேவல்

தெமியாஸ் முதல் அத்திப்பழத்தை வாயில் போடும்போதே கதவு தட்டப்பட்டது. தட்டப்பட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவைப் பெயர்த்துவிடுவது போல் இடித்துக்கொண்டு உள்ளே வந்தவன் குயவன் பாம்பிலோஸ். கையெல்லாம் களிமண், முகமெல்லாம் பயம்.

"ஐயா, காப்பாத்துங்க! கெபிசோன் என் மேல ஹூப்ரிஸ்னு பிராது குடுத்துட்டான்!"

மூலையில் ரொட்டியை ஒயினில் தோய்த்துக்கொண்டிருந்த கோமியாஸின் கை அப்படியே நின்றது. தெமியாஸ், வழக்காடுபவர்களுக்கு வாதம் எழுதிக் கொடுப்பவர். கோமியாஸ் அவர் மனைவியின் தம்பி. ஊர் வம்பைத் திரட்டி வருவது அவனுடைய முழுநேர வேலை. ஏதென்ஸில் ஒருவனை வெறுமனே அடித்தால் அபராதத்தோடு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். அடித்துவிட்டு, விழுந்தவனின் அவமானத்தைப் பார்த்து ரசித்தால்தான் அது ஹூப்ரிஸ். அதற்குச் சொத்தும் போகலாம், தலையும் போகலாம்.

"அடிச்சியா?" என்றார் தெமியாஸ் நிதானமாக.

"சியூஸ் சாமி மேல சத்தியமா இல்லீங்க! அவன் சொல்ற அன்னிக்குச் சாயங்காலம் சூளைக்குத் தீ போட்டுக்கிட்டு இருந்தேன். கூட யாரும் இல்ல, சாட்சி சொல்ல ஆளில்லீங்க."

"அவனுக்கு உன் மேல என்ன கோவம்?"

குயவன் தலையைச் சொறிந்தான். "சேவச் சண்டையில என் சேவலு அவன் தனக்ரா ஊருலேருந்து வாங்கின சேவலை ஓட ஓட விரட்டிருச்சு..."

"அது மட்டுமா?" கோமியாஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தோத்த சேவலும் அது பின்னாடி கெபிசோனும் ஓடுற மாதிரி கிண்ணத்துக்குள்ள வரைஞ்சு வித்தான் அத்தான்! ஒயினைக் குடிச்சு முடிச்சா அடியில அவன் மூஞ்சி! எந்த விருந்துக்குப் போனாலும் இந்தக் கிண்ணம்தான்."

தெமியாஸ் சிரிக்கவில்லை. இன்னொரு பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கெபிசோன் தெமியாஸையும் கோமியாஸையும் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் பேசினான். கையில் தடி. இடது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"கேட்டுக்குங்க. அன்னிக்கு விருந்துக்கு நான்தான் தலைவன். தலையில ஊதாப்பூ மாலையோட வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன். சந்து திரும்பினதும் பின்னாலேருந்து ஒருத்தன் என் மேலாடையை உருவி, தலையோட சேத்து மூட்டை மாதிரி கட்டிட்டான். ஒரே இருட்டு. கீழ தள்ளி மிதிச்சான். அதோட விட்டானா? முழங்கை ரெண்டையும் றெக்கையாட்டம் அடிச்சுக்கிட்டு, ஜெயிச்ச சேவல் மாதிரி என் மேல நின்னு கூவினான்யா! அந்தக் குயவனைத் தவிர வேற எவன் கூவுவான்?"

"மூட்டையை எப்ப அவுத்தான்?" என்று கேட்டார் தெமியாஸ்.

"அவன் எங்க அவுத்தான்? ஓடிப் போனப்புறம் நானே அவுத்துக்கிட்டேன்."

"பாவம். மாலை என்னாச்சு?"

"கதவுல தொங்குது பாருங்க. தலைவனுக்குப் போட்ட மாலையாச்சே, தூக்கிப் போடுவேனா?"

கோமியாஸ் மாலையைத் தொட்டுப் பார்த்தான். வாடியிருந்தது, ஆனால் ஒரு பூகூட உதிரவில்லை, நசுங்கவில்லை. தெமியாஸ் தலையை ஆட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பக்கத்து வீட்டு மீன்காரனிடம் வம்பளந்துவிட்டுக் கோமியாஸ் பின்னாலேயே ஓடினான்.

"அத்தான், அன்னிக்குச் சண்டைச் சத்தமே கேக்கலையாம். ஒரே ஒரு கூவல்தான். அதுவும் கெபிசோன் வீட்டு முற்றத்துலேருந்து. கடைசியில கீச்சுன்னு தொண்டை உடைஞ்சுதாம். சாயங்காலத்துல சேவல் கூவுதே, சீக்காக்கும்னு மீன்காரன் நெனச்சானாம்."

"சீக்குத்தான்" என்றார் தெமியாஸ்.

விசாரணைக்கு ஊரே திரண்டிருந்தது. நடுவர் முன்னால் பாம்பிலோஸ் நின்றான். தெமியாஸ் எழுந்தார்.

"நடுவரே, கூவினதுதான் இந்தப் பிராதுக்கே உயிர். அது எப்படி இருந்துச்சுன்னு பாத்துடுவோம். கோமியாஸ், கூவு."

கோமியாஸ் தன்னால் முடிந்த மட்டும் கூவினான். கூட்டம் குலுங்கியது.

"இப்படித்தானா, கெபிசோன்?"

சேவல் வளர்ப்பதிலேயே வயதைக் கழித்த கெபிசோனுக்கு அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது. "இதுவா? சளி பிடிச்ச ஆடு மாதிரி இருக்கு! தள்ளுடா!" தடியை வீசினான். ஒரே தாவலில் நடுவர் முன்னாலிருந்த பலகை மேல் ஏறினான். நெஞ்சை நிமிர்த்தி, முழங்கைகளைப் படபடவென்று அடித்து, கூரை அதிரக் கூவினான். கடைசியில் தொண்டை கீச்சென்று உடைந்தது.

"அத்தான், அந்தக் கீச்சு!" என்று கோமியாஸ் துள்ளினான்.

"பிரமாதம்" என்றார் தெமியாஸ். "முழங்கையை என்ன அழகா அடிச்சே! தலையில மூட்டை கட்டியிருந்தப்ப அதை எப்படிய்யா பாத்தே? அந்த மூட்டைக்குள்ள இருந்த மாலையில ஒரு பூகூட நசுங்கலையே, அது எப்படி? இந்தக் கூவலை மீன்காரன் கேட்டது சந்துல இல்ல, உன் வீட்டு முற்றத்துல. ஒத்திகை பாத்தியாக்கும். ஆமா, கால் சரியாயிடுச்சா?"

பலகை மேல் நின்றிருந்த கெபிசோன் தன் இடது காலைக் குனிந்து பார்த்தான்.

"வெறும் அடிதடின்னு எழுதியிருந்தா, சாட்சி இல்லாத இந்தக் குயவன் தோத்திருப்பான். உனக்கு அது பத்தல. ஹூப்ரிஸ் ஆக்கணும்னு ஒரு சேவலைச் சேத்தே. நம்மளை எவன் கண்டுபிடிப்பான்னு ஒரு நெனப்பு!"

பல நூற்றாண்டுகள் கழித்து ஆங்கிலேயர்கள் ஹூப்ரிஸ் என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது, அடியை விட்டுவிட்டு, தன்னை யாரும் தொட முடியாது என்ற அந்தத் திமிர் நினைப்புக்கு மட்டும் அதைப் பெயராக வைத்தார்கள். என்னைக் கேட்டால், அன்று பலகை மேல் நின்றவனுக்கு இந்தப் புதுப் பொருள்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிராதைத் தள்ளினார். கெபிசோன் கீழே இறங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். பாம்பிலோஸுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தலை தப்பியது, சூளை தப்பியது. சந்தோஷம் தாங்காமல் அதே பலகை மேல் ஏறினான். முழங்கைகள் தாமாகவே உயர்ந்தன. வாயைத் திறந்தான்.

தெமியாஸ் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். கோமியாஸ் அவரை அவ்வளவு வேகத்தில் பார்த்ததே இல்லை.

"அடேய் மடையா, கையை இறக்கு! தோத்தவனைப் பாத்து இப்ப நீ கூவினா அதுதான் நிஜமான ஹூப்ரிஸ். ஊரே சாட்சி!"

முழங்கைகள் மெல்ல இறங்கின. பாம்பிலோஸ் கீழே கிடந்த தடியை எடுத்துப் போய்க் கெபிசோனிடம் நீட்டினான். "அந்தக் கிண்ணம் இனிமே வரைய மாட்டேங்க" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

கெபிசோன் தடியைப் பிடுங்கிக்கொண்டான். கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், ஊர் பார்க்க நொண்டிக்கொண்டே வெளியேறினான். இந்த முறை வலது காலை.

கோமியாஸ் அதைச் சொல்ல வாயைத் திறந்தான். தெமியாஸ் அதில் ஓர் அத்திப்பழத்தைத் திணித்தார்.