33 டிகிரியில் ஓர் உயிர்!

"ஐயோ... மணி!"

அலறல், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரஸ் ஷாப்பின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

மதியச் சாப்பாடு முடித்து வந்த இரண்டு தொழிலாளிகள் அலறிவிட்டு வாசலிலேயே உறைந்து நின்றார்கள்.

ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் அடியில் மல்லாந்து கிடந்தான் மணிகண்டபிரபு. மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வயது இருபத்தாறு. உதடுகள் நீலம். கண்கள் திறந்திருந்தன... பார்வைதான் இல்லை!

அவன் நெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து அமுக்கிக்கொண்டிருந்தார் லைன் சூப்பர்வைசர் வசந்தகுமார். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

"இன்னா சார் ஆச்சு?"

"ஷாக்குடா! இப்பதான் கேன்டீன்லேந்து வரேன்... பாத்தா கீழ கெடக்குறான். ஆம்புலன்ஸுக்கு போன் போடு... ஓடு!"

ஓடினார்கள்.

அவர் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, கருவியை நெஞ்சில் வைத்து, துடிக்க மறந்த இதயத்தைத் தட்டி எழுப்பும் வரை நிறுத்தவில்லை.

மாலைக்குள் ஒரகடம் முழுக்க அதே பேச்சு. வசந்தகுமார் சார் உயிர் கொடுத்துட்டாராம்!

உண்மைதான்.

அந்த உயிரை எடுத்தவரும் அவர்தான் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது!

* * *

போன மாதம் அதே பிரஸ்ஸில் சந்தனமாரி என்ற கான்ட்ராக்ட் பெண்ணின் இரண்டு விரல்கள் போயின. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார், நிறுத்தவில்லை. டார்கெட் எட்டுவதற்காக ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதை ஊமையாக்கி வைத்திருந்தவர் வசந்தகுமார். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதியவரும் அவரே.

அந்த ஒயரைக் கண்ணால் பார்த்தவன் மணிகண்டபிரபு மட்டும்.

"திங்கக்கிழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு சார். அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரம். லைன் காலி. மணிகண்டபிரபு மெஷினுக்குள் ஒயரிங்கில் கை வைத்திருந்தான். வேலை முடியும் வரை யாரும் போட்டுவிடாதபடி மெயின் சுவிட்சில் அவனுடைய பூட்டு. அவன் படம் ஒட்டிய சிவப்பு அட்டை. சாவி அவன் பாக்கெட்டில். மாற்றுச் சாவி சூப்பர்வைசர் அறையில்!

வசந்தகுமார் பூட்டைத் திறந்தார். அவனுடைய டூல் பாக்ஸில் போட்டார். சுவிட்சைத் தட்டினார்.

டப்!

பேனல் தானாக அணைந்தது. அணைந்த நேரத்தையும் திரையில் குறித்துக்கொண்டது. 12.40.

திட்டப்படி அவர் அங்கிருந்து கேன்டீனுக்கு நடந்திருக்க வேண்டும். முந்நூறு பேர் சாப்பிடுகிற இடம். மனைவி பிரிந்து போன பிறகு, ஆறு வருடமாக மூலை மேஜையில் தனியாகச் சாப்பிடுகிறவர் அவர். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு ஒரே ஒரு வசதி... அவன் வந்ததையும் யாரும் பார்ப்பதில்லை, வராததையும் யாரும் பார்ப்பதில்லை!

ஆனால் கால் நகரவில்லை.

கை நகர்ந்தது. வருடா வருடம் முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகிய கை.

பத்து நிமிடம் கழித்து ஆட்கள் வந்தபோதுதான் அவருக்குச் சுயநினைவே வந்தது. வாயில் பொய் தயாராக இருந்தது.

"பன்னெண்டு நாப்பத்தெட்டுக்கு வந்தேன். அப்பதான் பாத்தேன்."

போலீஸ் எழுதிக்கொண்டது. ஆஸ்பத்திரியும் எழுதிக்கொண்டது. 12.40-லிருந்து யாரும் தொடாமல் கிடந்தது எட்டு நிமிடம்!

* * *

"நீங்க கூடவே இருங்க வசந்த்" என்றார் மேனேஜர். "அவங்கப்பா ரொம்ப விறைப்பான ஆளாம். பாத்துக்கோங்க."

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரி. சனிக்கிழமை காலை திருநெல்வேலி ரயிலில் வந்து இறங்கி நேராக அங்கே வந்தார் ஆறுமுகநயினார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலியில் சாயாமல் உட்கார்கிற மனிதர். மனைவி இல்லை. இருப்பது இந்த ஒரு மகன்.

டாக்டர் சுபஸ்ரீ நிதானமாக விளக்கினாள்.

"ஹார்ட் ஓடுதுங்கய்யா. மூளைதான் கேள்வி. உடம்பை முப்பத்து மூணு டிகிரிக்குக் குளிர வெச்சிருக்கோம். இருபத்து நாலு மணி நேரம் அப்படியே இருக்கும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் கால் டிகிரியா மெதுவா சூடேத்துவோம்."

"குளிர வச்சா?"

"ரத்தம் நின்னு திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது மூளையில சேதம் பரவும். குளிர்ல அது மந்தமாகும்."

2012-இல் அந்த வட்டாரத்துக்கு அது புது வைத்தியம். ஆறுமுகநயினார் ஒவ்வொரு வார்த்தையாக மென்று விழுங்கினார்.

வசந்தகுமாருக்கு வேறு கவலை.

"முழிச்சா... எல்லாம் ஞாபகம் இருக்குமா டாக்டர்?"

"விழுந்த அன்னைக்கு நடந்தது பெரும்பாலும் இருக்காது. பழசு வரலாம்."

பழசு!

அதில்தானே அந்த ஒயர் இருக்கிறது!

கண்ணாடிக் கதவுக்குள் மணிகண்டபிரபு கிடந்தான். வாயில் குழாய். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பைகள். ஆறுமுகநயினார் மகனின் பாதத்தைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார்.

"பிணம் மாதிரிலா சில்லுன்னு கெடக்கான்..."

தோள் துண்டை உதறி மகன் மேல் போர்த்தப் போனார்.

"வேணாங்கய்யா!" கையைப் பிடித்துவிட்டார் வசந்தகுமார். "போத்தாதீங்க. அந்தக் குளுருதான் அவனைக் காப்பாத்திகினு கீது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒரு துண்டு! விட்டிருந்தால் அவருக்கு எவ்வளவு லாபம்!

* * *

சப் இன்ஸ்பெக்டர் அப்பாவு வெற்றிலை வாயோடு வந்தார்.

"பெருசு, உம்பையன் பூட்டை அவனே கழட்டிக்கினு வேலை பாத்துகிறான். பூட்டு டூல் பாக்ஸ்லயே கீது. கவனக்குறைவு, விபத்துன்னு முடிச்சுடலாம். இன்னா சொல்ற?"

ஆறுமுகநயினார் எழுந்தார். எழுந்ததும் அப்பாவுவை விட ஒரு சாண் உயரம்!

"எம்பேரு ஆறுமுகநயினார். பெருசுன்னா எங்க ஊருல அண்டாவச் சொல்லுவோம்."

"சரி... சொல்லுங்க சார்."

"முப்பத்தாறு வருசம். லைன் காலின்னு சொல்லுத டோக்கன் கைக்கு வராம ஒரு ரயிலையும் லைன்ல விட்டதில்ல நான். அந்த வீட்டுல வளந்த பய, பூட்டக் கழட்டிட்டுக் கரண்டுல கை வைப்பானா? அவன் பொழைக்கலாம், போவலாம், அது அவன் விதி. ஆனா கவனக்குறைவுன்னு மட்டும் எழுதாதீக. எங்க குடும்பத்துல எவன் பேருக்குப் பின்னாலயும் அந்த வார்த்த இல்ல!"

"பாசம் பேசுது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார் அப்பாவு.

ஞாயிற்றுக்கிழமை. சூடேற்றம் முடிந்துவிட்டது. முப்பத்தாறரை டிகிரி. மயக்க மருந்தையும் நிறுத்திவிட்டார்கள்.

மணிகண்டபிரபு கண் திறக்கவில்லை.

இரும்பு நாற்காலிகளில் இரண்டு பேர். மற்ற நோயாளிகளுக்கு மாமன், மச்சான், சித்தி என்று கூட்டம் கூட்டமாக வந்து போனார்கள். இவர்களிடம் வந்தது ஆஸ்பத்திரிப் பூனை மட்டும்.

ஆறுமுகநயினார் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இலையைப் பாதியாகக் கிழித்தார்.

"சாப்புடுங்க தம்பி. வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்கய்யா. குன்றத்தூர்ல ஒரு ரூம்பு. நானு, ஒரு டிவி."

"டிவி பதில் பேசுமா?"

"கேள்வியே கேக்காதுங்கய்யா. அதான் அத்த வெச்சிகினு கீறேன்."

கிழவர் முதல் முறையாகச் சிரித்தார். சட்னியை வசந்தகுமாரின் பக்கம் தள்ளினார்.

"ஆடியில எங்க ஊரு கோயில்ல கொடைத் திருவிழா. நீங்க வரணும். விருந்தாளியா இல்ல. எம்மவனுக்கு மூச்சு குடுத்த கை இது... நீங்க எனக்கு மூத்த புள்ள."

வசந்தகுமார் எழுந்து பாத்ரூமுக்குள் போனார். குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். தண்ணீர் விழும் சத்தத்தில் அழுதார்.

இவன் பிழைத்தால் எனக்கு ஜெயில். இவன் போனால் எனக்கு ஒரு அப்பா!

முகத்தைக் கழுவினார். அந்தக் கணக்கு மட்டும் போகவில்லை.

* * *

திங்கட்கிழமை பகல். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார், டீ குடித்தார், போனார். யாரும் எதையும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வசந்தகுமார் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, ஆறுமுகநயினார் டாக்டரின் அறையில் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் ஒரு காகிதம். கையில் பேனா.

"வாங்க தம்பி. எம்மவன ஊருக்குக் கொண்டு போறேன். போற மூச்சு நம்ம வீட்டுல போவட்டும்."

"ஏன்யா? இன்னாச்சு?"

"டாக்டரம்மாட்டயே கேளுங்க."

சுபஸ்ரீ கேஸ் ஷீட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"எட்டு நிமிஷம்னு எழுதியிருக்கு. ரத்த ஓட்டமே இல்லாம, யாரும் கை வைக்காம எட்டு நிமிஷம் கிடந்த மூளை... அதுக்கு நான் நம்பிக்கை குடுக்க முடியாதுங்க."

"ஒடனே அமுக்க ஆரம்பிச்சிருந்தா?"

"அப்ப கதையே வேற. எத்தனை நாளானாலும் காத்திருப்பேன். வீட்டுக்கு அனுப்பவே மாட்டேன்."

பேனா மூடி திறந்தது.



பேசாமல் இரு! கிழவர் கையெழுத்துப் போடட்டும். வண்டி திருநெல்வேலி போய்ச் சேரட்டும். ஒயரும் போச்சு, பூட்டும் போச்சு. குன்றத்தூர் ரூம் இருக்கிறது. டிவி இருக்கிறது...

பேனா முனை காகிதத்தில் பட்டது. 'ஆ' என்ற எழுத்து சுழித்து முடிந்தது.

அடுத்த எழுத்து...

"இருங்கய்யா!"

அறை அதிர்ந்தது.

"எட்டு நிமிஷம் இல்லீங்க! ஒரு நிமிஷம்கூட ஆவல... அவன் விழுந்த ஒடனே நான் கை வெச்சிட்டேன்! எடுத்துகினு போவாதீங்க... அவன் பொழைப்பான்!"

ஆறுமுகநயினார் நிமிர்ந்தார்.

"கேன்டீன்ல இருந்தேன்னீங்களே தம்பி?"

"இல்லீங்க."

"பொறவு எங்க இருந்தீக?"

வசந்தகுமார் உட்கார்ந்துவிட்டார். தரையில்.

"சுவிட்சாண்ட."

கிழவர் பேனாவை மூடினார். சட்டைப் பையில் செருகினார்.

"போதுமா எஸ்.ஐ. சார்?"

நோயாளியைப் பரிசோதிக்கும் கட்டிலின் பச்சைத் திரை விலகியது. அப்பாவு! கூட ஒரு கான்ஸ்டபிள்!

"எம்மவன் இன்னைக்குக் காலம்பற ஆறு மணிக்கே முழிச்சிட்டான் தம்பி" என்றார் ஆறுமுகநயினார். குரலில் வெற்றி இல்லை. "வாய்க் குழாய எடுத்ததும் மொத வார்த்த 'அப்பா'. ரெண்டாவது... 'சந்தனமாரி கை எப்படி இருக்கு?' பொறவு அந்த ஒயரு கதையச் சொன்னான். வெள்ளிக்கிழமைதான் அவனுக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல."

"எட்டு நிமிஷம் கிடந்தவர் இவ்வளவு தெளிவா பேசறது ரொம்ப அபூர்வம்" என்றாள் சுபஸ்ரீ. "நான் குளிர வெச்சேன், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடியே யாரோ அந்த மூளையைக் காப்பாத்தி வெச்சிருக்கணும். அதைத்தான் ஐயாகிட்ட சொன்னேன்."

"ஒடனே கை வச்ச ஆளு, ஏன் எட்டு நிமிசம் பொறவு வந்தேன்னு சொல்லணும்?" ஆறுமுகநயினார் மீசையைத் தடவினார். "சந்தேகம் வந்துட்டு. சந்தேகம் மட்டும் காணாதுலா? ஒங்க வாயால வரணும்."

"அப்ப... இந்தக் காயிதம்?"

கிழவர் அதைத் திருப்பிக் காட்டினார். போலீஸ் நிலையத்துக்கு எழுதிய மனு. 'என் மகன் பெயருக்கு எதிரே எழுதப்பட்டுள்ள கவனக்குறைவு என்ற சொல்லை நீக்க வேண்டுகிறேன்.'

கான்ஸ்டபிளுக்கு வேலையே இருக்கவில்லை. வசந்தகுமார் தானாகவே எழுந்து கையை நீட்டினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் ஆறுமுகநயினார். "கொல்ல வந்த ஆளு... ஏன் காப்பாத்துனீக?"

"தெரியலீங்கய்யா." நீட்டிய தன் கைகளையே பார்த்தார் வசந்தகுமார். "கண்ணு தொறந்திருந்துது. என்னையே பாத்துகினு இருந்தான். என்னை யாராவது அப்படிப் பாத்து... ரொம்ப வருஷம் ஆச்சு."



ஆறுமுகநயினார் மனுவை மடித்து வைத்தார். முதுகு அப்போதும் வளையவில்லை. கண்கள் மட்டும் சுவரைப் பார்த்தன.

"கொல்லப் பாத்ததையும் கோர்ட்டுல சொல்லுவேன். மூச்சு குடுத்ததையும் சொல்லுவேன். பாதி உண்மை பேசுத பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது. போயிட்டு வாங்க."

அப்பாவு விலங்கை மாட்டினார். மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இருவத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல, லேட்டா வந்ததுக்கு நான் எத்தினியோ மெமோ வாங்கிகிறேன்யா... சீக்கிரம் வந்ததுக்கு ஜெயிலுக்குப் போற மொத ஆளு நீதான்!"