நாலாவது அடி

மூன்றே அடிதான். வீரபத்திரன் சார் யார் தலையில் வேண்டுமானாலும் கையை வைத்துச் சத்தியம் செய்வார். அதுவும் பையன் மேல் படாமல், ஒரு சாண் தள்ளி. ஆனால் தங்கச்சிமடத்துப் பள்ளியின் கணினி அறையில், மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருந்த நேரத்தில், திரையில் ஓடிய படத்தில் நாலு அடி விழுந்தது.

சார் தமிழாசிரியர். சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பதுதான். அதற்காக மாவட்டக் குறும்படப் போட்டியை விட்டுவிட முடியுமா? ‘கரையேறா விம்மல்’ என்று பேர் வைத்தார். கதை, வசனம், இயக்கம் மூன்றும் அவரே. தொப்பியும் அவருக்கு மட்டுமே. பள்ளிக்கூடம் போகணும் என்று அழும் பையனைத் துடுப்பால் அடிக்கும் கொடுமைக்கார முதலாளி வேஷத்துக்கு யாரிடமும் ‘அந்த ஆழம்’ கிடைக்காததால், பெரிய மனது பண்ணி அதையும் தானே ஏற்றுக்கொண்டார். அடி வாங்கியது ஒன்பதாம் வகுப்பு ஆன்டனி ராஜ்.

படம் காலையிலேயே போய்விட்டது; இப்போது அதோடு சேர்க்க ‘குறும்படம் எடுத்ததில் கற்ற பாடங்கள்’ என்று ஒரு பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. “ஒன்று: யதார்த்தமே கலையின் உயிர்” என்று எழுதிவிட்டு, இரண்டாவதைத் தேடித்தான் படத்தை ஓடவிட்டார்.

யதார்த்தத்துக்குக் காரணம் அந்தத் துடுப்பு. பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கி வைத்திருந்தும், அது பளபளக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, கடற்கரைக் குருசடிக் கோவிலில் சிலுவையோடு சாய்த்திருந்த மரத்துடுப்பை எடுத்தார். செல்போனில் படம் பிடித்த ஜோஸ்லின் பதறிவிட்டாள்.

“அதத் தொடாதீங்க சார். எங்க சித்தப்பா வள்ளத்துல அது மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு. ஆளு வரல. ஃபாதர் செபம் பண்ணி வச்சது, யாரும் எடுக்க மாட்டோம்.”

“உலக சினிமாவுல இதுக்குப் பேரு யதார்த்தம்மா.”

“எங்கூர்ல இதுக்குப் பேரு சாவு சார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சாருக்குக் கோபம் வந்தது. எடுத்தே விட்டார்.

படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டது, வெளியே கருவாடு காயும் வாடை, திரையில் ஆன்டனி ராஜ் பாடம் ஒப்பிப்பது போல “ஐயோ, அடிக்காதீங்க முதலாளி” என்று மூன்று தடவை சொன்னான். நாலாவது அடிக்கு அவன் எதுவும் சொல்லவில்லை. ஈரச் சாக்கைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம் மட்டும். பிறகு ஐந்தாவது.

உண்மையைச் சொன்னால், சாருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. அடடா, என்ன முகபாவம்! இதை எப்போது காட்டினோம்? இன்னொரு தடவை போட்டார்.

ஆறு.

இந்தத் தடவை அவர் குரலே “கட்” என்று கத்துவது கேட்டது. திரையில் இருந்த வீரபத்திரன் அதைக் கேட்டார். தலையைத் திருப்பி, சாரை நேராகப் பார்த்தார். துடுப்பை மறுபடி ஓங்கினார்.

சார் கணினி வயரைப் பிடுங்கினார். அதே நேரம் போன் அடித்தது. ஆன்டனி ராஜின் அம்மா ஜோதிமேரி.

“எம்பிள்ளைய என்ன சார் செஞ்சீங்க?”

“என்னம்மா ஆச்சு?”

“வயித்து வலின்னு வீட்லதான் படுத்திருந்தான். நான் பக்கத்துலயே இருக்கேன். ஒருத்தரும் தொடல. முதுகுல பட்டு பட்டுன்னு விழுகுது சார். மூணு தடிப்பு.”

நாலு, அஞ்சு, ஆறு. சார் மனசுக்குள் எண்ணிக்கொண்டார்.

கணினியை மறுபடி போட்டு, படத்தைத் திறக்காமலே அழித்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். இனிமேல் யாரும் பார்க்க முடியாது. அவ்வளவுதான். முடிந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்குள் தைல வாடை அடித்தது. பாயில் குப்புறக் கிடந்தான் பையன். முதுகில் துடுப்பகலத்துக்குக் கருநீலத் தடிப்புகள். மூன்று இல்லை. ஐந்து.

“இப்பத்தான் இன்னும் ரெண்டு,” என்றாள் ஜோதிமேரி.

போன் மறுபடி அடித்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பாக்கர்.

“வீரபத்திரன் சார், வாழ்த்துகள்! காலையில நீங்க அனுப்புன படத்த அதிகாரி இப்பத்தான் ரெண்டு தடவ பாத்தாரு. அடிக்கிற சீன் அப்படியே நெசம்ங்கிறாரு. மூணு மணிக்கு எல்லாப் பள்ளியிலயும் கட்டாயம் போட்டுக் காட்டி, போட்டோ அனுப்பணும்னு சர்க்குலர் போயாச்சு.”

காலையில் அனுப்பியதே சாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “போடாதீங்க பாக்கர். கும்பிட்டுக் கேக்குறேன், நிறுத்துங்க.”

“அடக்கத்தப் பாருங்கய்யா!” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. ‘யாரும் படத்தைப் போட வேண்டாம்’ என்று மாவட்டப் பள்ளிகள் குரூப்பில் எழுதப் போனார். அதிகாரிகள் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் போட்டோ மட்டும் சர்க்குலர் பக்கத்தில் ஏற்றலாம் என்றது போன். பாக்கருக்கு அடித்தார். பிஸி. அடித்தார். பிஸி.

“ஏலே ஆன்டனி, எந்திரிலே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்...”

பையன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். முகத்தை அல்ல, வலது கையை. “சார், வேணாம் சார்,” என்றான். இந்தத் தடவை அது ஒப்பித்தது போல இல்லை.

மூன்று மணி.

சாரின் வலது கை தானாக மேலே எழுந்தது. இடது கையால் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை. காற்றில் இறங்கியது. நாலடி தள்ளி, பாயில், ஏதோ ஒடிகிற சத்தம்.

ஜோதிமேரி மகன் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். கை எழுந்தது. இறங்கியது. அவள் மேல் படவில்லை. அவளுக்கு அடியில் விழுந்தது.

கீழே விழுந்த போனில், சர்க்குலர் பக்கத்தில் முதல் போட்டோ, பரமக்குடியிலிருந்து. வரிசையாக உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகள். அடுத்தது. அதற்கடுத்தது. பத்து. இருபது.

பையன் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தான். அவனைக் கட்டிப் பிடித்தபடி ஜோதிமேரியின் உடம்பு தரையிலிருந்து எழும்பி விழுந்தது, எழும்பி விழுந்தது. வாசலில் நின்ற சார் இடது கையால் வலது கையைக் கடைசிப் பலம் வரை பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, அந்தக் கை அவரையும் சேர்த்துத் தூக்கி ஓங்கியது.