விளிம்பு பிசிறிய பட்டை

'2093, மாசி 14. நேற்றைய பதிவில் ஒரு சிறு பிழை. முதுகில் வெள்ளைப் பட்டை இருந்ததால் பொறிச்சிட்டு என்று எழுதிவிட்டேன். பட்டையின் விளிம்பைக் கவனிக்கவில்லை.'

சிறு பிழைதானா என்று சலேத்துக்கே சந்தேகமாக இருந்தது.

தேனீக்கள் அழிந்தபின் தோட்டங்களில் மகரந்தம் சேர்ப்பவை பொறிச்சிட்டுகள்தாம். முதுகில் வெயிலை மின்சாரமாக்கும் வெள்ளைப் பட்டை கொண்ட, கட்டைவிரல் அளவு ட்ரோன்கள். நாகப்பட்டினத்தைக் கடல் கொண்டபின் அங்கிருந்தவர்கள் குடியேறிய தென்னமெரிக்காவின் இந்தக் கயானா காட்டோரத்தில், வழிதவறிய ட்ரோனைக் கண்டால் முறைக்காவலர் பதிய வேண்டும். மூன்றாம் நாள் காலை, தோட்ட மகரந்தம் காட்டில் பரவாமலிருக்க, ஒழிப்புக் குழு வந்து புதரோடு எரித்துவிடும். இந்த வாரம் சலேத்தின் முறை. பறவைகளை அடையாளம் காண அவன் மாலை வகுப்பில்தான் கற்றிருந்தான்.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாலிருந்த அதே புதருக்குப் போனான். வண்டு போன்ற முரலல். பொறி என்றால் ஒவ்வொரு பூவிலும் ஒரே அளவு நேரம் நிற்கும். இது ஒரு பூவில் தயங்கியது, அடுத்ததைத் தாண்டியது. பட்டையின் விளிம்பு இறகிறகாகப் பிசிறியிருந்தது. பறந்தபடியே அவனது கேமராவின் மேல் எச்சமிட்டது.

சலேத் வகுப்புக் குறிப்பைப் புரட்டினான். குஞ்சக்கன்ன ரீங்காரச்சிட்டு என்ற தேன்குடிக்கும் குட்டிப் பறவை, பெண். அழிந்துபோனது என்று பாடத்தில் படித்த இனம்.

உயிருள்ள பறவை என்று உறுதியானால் எரிப்பு நிற்கும். ஆனால் சட்டப்படி, திருத்தம் அனுப்பிய அன்றைக்கே குடியிருப்பு முழுவதும் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

நிறைமாத வயிற்றோடு ரோசலின் அண்ணி பின்கதவில் நின்றாள். அண்ணன் கப்பலில் இருந்தான்.

"நேத்து மிஷினுன்ன. இன்னிக்கி பறவைங்குற. நாளைக்கி வவ்வாலும்பியா?"

"எச்சம் போட்டுச்சு அண்ணி."

"பறந்து போயிடிச்சின்னு எழுதிடேன்."

"பதிஞ்சது பதிஞ்சதுதான். உயிருன்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க. இல்லன்னா காலைல நெருப்பு."

"இந்த வயித்த வச்சிக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

சலேத் கேமராவில் எடுத்த படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தான். மறுபடியும் தப்பாகப் பார்த்திருந்தால்? ஊரே தன்னால் வீணாகத் தெருவுக்கு வந்துவிடும்.

ரோசலின் செருப்பை மாட்டிக்கொண்டு புதரருகே வந்தாள். சிலந்தி நூலால் கிளையோடு கட்டிய கூடு, பாதி எலுமிச்சம்பழ அளவு. சிட்டு அதில் வந்து உட்கார்ந்தது. அவள் கிளையை மெல்ல ஆட்டினாள். அது எழவில்லை.

"பறந்து போயேண்டி, சனியனே."

"முட்டை இருக்கு அண்ணி."

"அதுக்கும் இப்பத்தான் நேரமா?" திரும்பி நடந்தாள். வாசல்படியில் நின்று, "பெட்டி பரண்மேல கெடக்கு. என்னால எட்ட முடியாது," என்றாள்.

சலேத் பதிவின் கடைசி வரியை எழுதினான்.

'நாளை: விடியுமுன் திருத்தம் அனுப்புவது. பிறகு அண்ணியின் பெட்டியை இறக்குவது.'