தலையாட்டிக்குத் தெரிந்தது

தலையாட்டிக்கு உடம்பு கிடையாது. தர்பூசணி அளவில் ஒரு வெள்ளைத் தலை, கண்களுக்கு இரண்டு நீல விளக்குகள், பேசுவதற்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான். என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்கும். தலையை ஆட்டும். "புரிகிறது" என்று சொல்லும். வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதால், பிள்ளைகளுக்கு அதைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் மிளகின் சித்தி. அவர் உளவியல் ஆராய்ச்சியாளர். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. "முதல்ல உங்க அக்காவை ஆராய்ச்சி பண்ணு" என்று மிளகின் அப்பா அடிக்கடி யோசனை சொல்வார்.

மனிதர்களிடம் சொல்லத் தயங்குவதைக் குழந்தைகள் இயந்திரத்திடம் சொல்லிவிடுவார்களா? இதுதான் சித்தியின் கேள்வி. ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் ஒரு சின்ன அறையில் தலையாட்டியோடு தனியாகப் பேச விட்டார்.

பிள்ளைகள் கொட்டித் தீர்த்தார்கள்.

மிளகும் கொட்டினாள். ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். கடுகு என்றே வைத்திருப்பார்கள். அது ஏற்கெனவே அவள் அக்காவுக்குப் போய்விட்டது.

இன்று ஆராய்ச்சியின் கடைசி நாள். பள்ளி அரங்கில் பெற்றோர் கூடியிருந்தார்கள். தலையாட்டியைத் தயாரித்த கம்பெனியின் மேலாளர் மேடையில் நின்றார். வாசலில் விட்ட செருப்புகள் தவிர அவரிடம் எல்லாமே பளபளத்தன. யார் வேண்டுமானாலும் வரிசையில் வந்து ஒலிவாங்கியில் பெயரைச் சொல்லலாம், தலையாட்டி அவர்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும் என்று அறிவித்தார்.

சித்தி மேடை ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்ன ரகசியங்களை எல்லாம் அவர் முன்கூட்டியே பூட்டிவிட்டார். பிடித்த நிறம், பிடித்த விளையாட்டு மாதிரி விஷயங்களைத்தான் திறந்து வைத்திருந்தார்.

வரிசையில் மிளகு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் நண்பன் மதில்.

மதில் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவனைத் தாண்டிப் பந்து போகாது. சில சமயம் காற்றுகூடப் போகாது. சம்மதமா என்று சித்தி கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்ட ஒரே ஆள் அவன்தான். தலையாட்டி இருந்த அறைப் பக்கமே அவன் போகவில்லை.

"நான் அதுகிட்ட ஒரு வார்த்தை பேசலை. என் பேரைச் சொன்னா திருதிருன்னு முழிக்கப் போகுது பாரு" என்றான். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அணி முழுவதும் அதைப் பார்க்கத்தான் காத்திருந்தது.

மிளகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பையன் போனான். ஆராய்ச்சி நடந்தபோது அவன் அம்மை போட்டு வீட்டில் கிடந்தவன். அவனும் தலையாட்டியோடு பேசியதே இல்லை. பெயரைச் சொன்னான். நீலக் கண்கள் மின்னின.

"வணக்கம். நீ கேரட் துண்டுகளைச் சாப்பிடாமல் வகுப்பு ஜன்னல் பூந்தொட்டியில் புதைப்பதாக உன் பக்கத்து இருக்கை நண்பர் சொன்னார்."

அரங்கு குலுங்கிச் சிரித்தது. கண்ணாடிப் பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேலாளர் கைதட்டினார். சித்தியின் புருவம் நெரிந்தது. அவர் அவசரமாகக் கணினியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

மிளகுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னதைத்தான் சித்தி பூட்டியிருக்கிறார். அடுத்தவர்களைப் பற்றிச் சொன்னதைப் பூட்ட மறந்துவிட்டார்.

மிளகு மதிலைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

மதிலின் அம்மா வேலைக்காகத் தூரத்து ஊருக்குப் போயிருந்தார். அம்மாவின் பழைய ஸ்வெட்டரைக் கட்டிப்பிடித்தால்தான் மதிலுக்குத் தூக்கம் வரும். சில ராத்திரி அழுகையும் வரும். இதை அவன் உலகத்தில் மிளகு ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தான். உனக்கு என்ன கவலை என்று தலையாட்டி கேட்டபோது, அவள் இதைச் சொல்லிவிட்டாள். இயந்திரம்தானே, ஊரெல்லாம் சொல்ல அதற்கு வாயா இருக்கிறது என்று நினைத்தாள்.

இருந்தது. இப்போது அந்த வாய்க்கு முன்னால் ஒலிபெருக்கியும் இருந்தது.

"வா, நாம போயிடலாம்" என்று மதிலின் கையை இழுத்தாள்.

"ஏன்?"

"எனக்கு வயிறு வலிக்குது."

"உனக்கு வயிறு வலிச்சா நான் ஏன் போகணும்?" நியாயமான கேள்வி.

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. மிளகு மேடை ஏறி, தலையாட்டியை ஒட்டி நின்று, குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திச் சொன்னாள். "நான் மிளகு. நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லாதே."

"நிச்சயமாக" என்றது தலையாட்டி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "எதைச் சொல்லக் கூடாது என்று சரிபார்த்துக்கொள்வோம். பிறரைப் பற்றி நீ சொன்னவை மூன்று. முதலாவது, உன் நண்பர்..."

"ஒண்ணும் வேண்டாம்" என்று மிளகு ஒலிவாங்கியின் பொத்தானைத் தட்டி அணைத்தாள். தலையாட்டி பேச்சை நிறுத்தித் தலையை ஆட்டியது. கூட்டம் சிரித்தது. மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டே புன்னகை செய்து, ஒலிவாங்கியை மறுபடி போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மதில் ஒரே தாவலில் மேடை ஏறினான். "மதில், மதில்" என்று பின் வரிசை தாளம் போட்டது.

இனி மதிலிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் அவளோடு இனிப் பேசாமலே போகலாம். சொல்லாவிட்டால் அவன் அணி முழுவதும் ஸ்வெட்டர் கதையைக் கேட்கும்.

மிளகு எக்கி, அவன் காதில் சொன்னாள். "ஸ்வெட்டர் விஷயம் அதுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன்."

மதில் அவளைப் பார்த்தான். எப்போதாவது கோல் வாங்கிய பிறகுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை. திரும்பி இறங்கப் பார்த்தான். மேலாளரின் கை அவன் தோளில் விழுந்தது.

"என்னப்பா, இவ்வளவு பெரிய ஆளு பயப்படறியே? நீ சொல்லலைன்னா நானே சொல்றேன்" என்று அவர் ஒலிவாங்கியில் குனிந்து, "மதில்" என்றார்.

நீலக் கண்கள் மின்னின. "வணக்கம், மதில். உன்னைப் பற்றி..."

"சித்தி" என்று மிளகு கத்தினாள். "இவன்கிட்ட நீங்க சம்மதம் கேட்டப்போ இவன் என்ன சொன்னான்?"

கணினியிலிருந்து சித்தி நிமிர்ந்தார். மதிலைப் பார்த்தார். அடுத்த நொடி குனிந்து தலையாட்டியின் மின்கம்பியை இரண்டு கையாலும் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, சுவரில் முட்டி நின்றார்.

"...உன் நண்ப" என்றது தலையாட்டி. கண்கள் அணைந்தன.

நிகழ்ச்சியே பாழ் என்று மேலாளர் குதித்தார். சித்தி முடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார். பேசின ஒவ்வொரு பிள்ளையிடமும் தான் சம்மதம் கேட்டதாகவும், அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்தப் பிள்ளைகளிடம் கேட்கத் தோன்றவே இல்லை என்றும், தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். அடுத்தவர்களைப் பற்றிச் சொன்னது எல்லாம் இன்றைக்கே அழிக்கப்படும் என்றார்.

"அப்போ உங்க ஆராய்ச்சி என்ன ஆகும்?" என்று மேலாளர் கேட்டார்.

"கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு. கேட்காத கேள்விக்கும் கிடைச்சிருச்சு" என்றார் சித்தி. பிறகு கண்ணாடிப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவன் பெருந்தன்மையாக, இனி கேரட் வேண்டாம் என்று அம்மாவிடம் எடுத்துச் சொன்னால் போதும் என்றான்.

மதில் கூட்டத்தில் காணாமல் போயிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் மிளகோடு பேசவில்லை. அவள் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தான். மற்றவர்களோ அவளை விடவில்லை. அன்றைக்குத் தலையாட்டி மதிலைப் பற்றி என்ன சொல்ல வந்தது? அணித் தலைவன் கெஞ்சினான். ஒருத்தி புதுப் பேனா தருகிறேன் என்றாள். வெறும் ஆமாம் இல்லை சொன்னால் போதும் என்று ஒருவன் பேரம் பேசினான். மிளகு ஆமாமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. கடைசியில் அவளுக்கு 'அழுத்தக்காரி' என்று இன்னொரு பட்டப்பெயர் கிடைத்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, மதில் வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

"எதுக்குச் சொன்னே?" என்று பந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உனக்கு என்ன கவலைன்னு கேட்டுச்சு. நீ சரியாத் தூங்கறதில்லைங்கறதுதான் எனக்குக் கவலை. ஆனா உன்னைக் கேட்காம சொன்னது தப்பு."

மதில் பந்தைச் சுற்றினான். "அதுக்கு அது என்ன சொல்லுச்சு?"

"புரிகிறது."

"மண்ணு" என்றான் மதில். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் கொஞ்சம் வந்தது. அதை மறைக்க இருமினான்.

பிறகு ஒரு படி நகர்ந்து வந்தான். "இன்னொரு விஷயம் இருக்கு. நேத்துதான் நடந்தது. சொல்லட்டுமா?"

மிளகு கைப்பேசியைப் பைக்குள் போட்டு, பையைக் கீழ்ப்படியில் வைத்து, காதைக் கொடுத்தாள். மதில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னான்.

அவன் சொன்னது இந்தக் கதையில் இல்லை.