சுவரில் இருந்த கோடு

பிராக் நகரத்துக்கு வந்த முதல் நாளே அப்பா ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, அதனிடம் மன்னிப்பும் கேட்டார்.

அப்பா கொத்தனார். அந்த ஊரில் அவர் கீழே பார்த்து நடக்கவே இல்லை.

"ஷோஃபி, அந்த வாசலுக்கு மேல பாரு. ரெண்டு கல்லு மனுஷங்க தோள்ல பால்கனியத் தாங்கறாங்க. முந்நூறு வருஷமா நிக்கறாங்க. ஒரு வாய் காபிகூடக் குடிக்கல, பாவம்."

பதினொரு வயது ஷோஃபி சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். தம்பி வோய்த்தா மட்டும் சிரிக்கவில்லை.

வோய்த்தாவுக்கு ஆறு வயது. போன செப்டம்பரில் அவர்களுடைய மலையோர ஊருக்குள் ஆற்று வெள்ளம் புகுந்தது. வீடு போயிற்று. பக்கத்து வீட்டுக் குபிக் மாமாவும் வெள்ளத்தோடு போய்விட்டார். இரண்டு மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்தார்கள். இப்போது இரண்டு அறை வாடகை வீடு. அன்றிலிருந்து ஏழு மாதமாக வோய்த்தா ஓரிரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. அதையும் முணுமுணுப்பாகத்தான் சொல்வான்.

ஈஸ்டர் விடுமுறைக்குத் தாய்மாமா தன் பிராக் வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார்.

"நாலு நாளைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கட்டடம் பாக்கறோம், கஃபேல உக்காந்து கேக் சாப்பிடறோம். அவ்வளவுதான்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள், ஆற்றை ஒட்டிய தெருவில் வோய்த்தா நின்றுவிட்டான். ஒரு பழைய வீட்டுச் சுவரில் ஒரு கோடு செதுக்கியிருந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு வருடத்தின் எண். கோடு அப்பாவின் தலைக்கு மேலே இருந்தது.

"என்னதுப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அது சும்மா ஒரு கோடுடா. வா, மழை வரப்போகுது."

ஷோஃபிக்கு அது என்னவென்று தெரியும். அவர்கள் ஊரில் எல்லாச் சுவரிலும் சேறு அப்படி ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.

கஃபேக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. உயரமான கூரை, பளிங்கு மேசைகள். அப்பா கூரையின் பூவேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தேன் கேக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேக் வந்தபோது வோய்த்தாவின் நாற்காலி காலியாக இருந்தது.

கழிப்பறையில் இல்லை. மேசைகளுக்கு அடியில் இல்லை. அவனுடைய கோட்டு மட்டும் கொக்கியில் தொங்கியது.

"நான் ஆத்துப் பக்கம் போறேன்!" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "ஷோஃபி, நீ இங்கயே இரு. அவன் வந்தா பிடிச்சு வெச்சுக்கோ."

அம்மா குடைகூட எடுக்காமல் தெருவில் ஓடினார்.

ஷோஃபி நாற்காலியை விட்டு எழுந்தாள். ஆற்றுப் பக்கமா? அவன் அங்கே போகவே மாட்டானே! வெள்ளம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் பரணுக்கு ஏறினார்கள். அவர்களோடு இருந்த குபிக் மாமா மட்டும் தன் வீட்டைப் பார்க்கக் கீழே இறங்கினார், திரும்பவே இல்லை.

அவன் மேலேதான் போயிருப்பான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே தேவாலயத்தின் மணிக்கூண்டு நின்றது.

பரிமாறும் பெண்ணிடம் ஓடினாள். "எங்கம்மா வந்தா, நான் மணிக்கூண்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லிடறீங்களா?"

மணிக்கூண்டு வாசலில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. "கோட்டு போடாத ஒரு சின்னப் பையன் மேல போனானா?" என்று சீட்டுக் கொடுப்பவரிடம் கேட்டாள்.

"இந்தப் படைக்குள்ள நான் யாரக் கண்டேன்! போய்ப் பாரும்மா."

சுழல் படிக்கட்டு. மூச்சு வாங்கியது. கடைசித் திருப்பத்தில், பெரிய மணிக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அங்க நிக்காத. மேல வா" என்று முணுமுணுத்தான். ஏழு மாதத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

ஷோஃபி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். 'தண்ணி வராதுடா' என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அன்றும் அப்பா அதைத்தான் சொன்னார். நம்ம வீடு வரைக்கும் வராது என்றார்.

"அது வெள்ளக் கோடுதான்" என்றாள். "நீ பிறக்கறதுக்கு முன்னாடி இங்கயும் தண்ணி வந்திருக்கு. இனிமே வருமா வராதான்னு எனக்குத் தெரியாது."

வோய்த்தா நிமிர்ந்து பார்த்தான். "அப்பா ஏன் பொய் சொன்னாரு?"

"பயம்."

"அப்பாவுக்கா?"

"நிறைய."

ஜன்னலுக்கு வெளியே, வெகு கீழே, நனைந்த ஒரு தலை இங்குமங்கும் ஓடியது. அம்மா!

"அம்மா கீழ இருக்காங்க! மேல வரச் சொல்லு!" வோய்த்தா அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"நான் மட்டும் கூப்பிட்டா கேக்காதுடா. நீயும் கூப்பிடு."

அவன் ஜன்னலை ஒட்டி நின்றான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "அம்மாஆஆ!"

அம்மா நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

சற்று நேரத்தில் அம்மாவும், அவருக்குப் பின்னால் அப்பாவும் சொட்டச் சொட்ட மேலே வந்தார்கள். அம்மா அவனை அள்ளிக்கொண்டார்.

"அவங்களுக்குக் கேட்டுச்சு" என்றான் வோய்த்தா, ஷோஃபியைப் பார்த்து. உடனே அவன் முகம் கோணியது. "அன்னிக்கு நான் சத்தமாக் கூப்பிடல. குபிக் மாமா, போகாதீங்கன்னு மெதுவாத்தான் சொன்னேன். அதான் போயிட்டாரு."

 ஏழு மாதமாக இதையா சுமந்துகொண்டிருந்தான்?

அப்பா படியில் மண்டியிட்டார். "நான் தொண்டை கிழியக் கத்தினேன்டா. எனக்கே என் குரல் கேக்கல. அந்தத் தண்ணி இரைச்சல்ல யாரு கூப்பிட்டிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி வராதுன்னு சொன்னது நான். தப்பு என்னோடது. உன்னோடது இல்ல. புரியுதா?"

வோய்த்தா அப்பாவின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தான்.

"அழறீங்களா, மழையா?"

"ரெண்டும்தான்."

மழை நிற்கவில்லை. இறங்கலாம் என்று யாரும் சொல்லவுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள், இறங்கினார்கள். கடைசியில் வோய்த்தாவே எழுந்து, ஒரு கையால் ஷோஃபியையும் மறு கையால் அப்பாவையும் பிடித்துக்கொண்டான்.

கீழே இறங்கும் வழியெல்லாம் அவன் பேசினான். அன்று பரணில் இருந்து தான் பார்த்ததையெல்லாம், ஒன்றுவிடாமல். யாரும் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை.