கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை

காலையிலிருந்து ஹீட்டர் முன்னால் தொங்கிய கழுத்துப்பட்டை இன்னும் காயவில்லை. கஞ்சி போட்ட துணி காய்ந்தால் அப்பளம்போல் விறைக்க வேண்டும். இதுவும் விறைப்பாகத்தான் நின்றது, மடிப்பு மடிப்பாக, சாப்பாட்டுத் தட்டளவு அகலத்தில். ஆனால் தொட்ட விரல் சில்லிட்டது. ஜனார்த்தன் விரலை முகர்ந்து பார்த்தான். ஊறிய பச்சரிசி வாசம், அதனடியில் சந்தனம், அதற்கும் அடியில் முன்பு எங்கேயோ முகர்ந்த ஏதோ ஒன்று.

கிளென் ஈடன் மண்டபத்தின் தகரக் கூரையில் ஜூலை மாதக் குளிர்கால மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சமையலறைப் பக்கமிருந்து மட்டன் ரோல் பொரியும் வாசமும், நாற்காலிகள் இழுபடும் சத்தமும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்தி ஓடுவதும் ஒப்பனை அறைவரை வந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான். அவன் வேடத்துக்கான அந்தப் பட்டையைத் தவிர.

நாடகம் ஓர் ஆங்கிலேயப் பிரபுவைப் பற்றியது. நானூறு வருடத்துக்கு முந்தைய அரண்மனை. ஜனார்த்தன் நடிக்கும் எட்மண்ட் பிரபு விடிந்ததும் ராஜாவின் சட்டையைக் கணப்பில் காட்டிச் சூடாக்கி மாட்டிவிடுவான். மண்டியிட்டு மதுக் கிண்ணம் நீட்டுவான். ராஜா சிரித்தால் சிரிப்பான், இருமினால் முகம் வாடுவான். மற்ற நேரமெல்லாம் ராஜாவின் காதோரம். ஒருநாள் அந்தக் காதில் உயிர் நண்பனைப் பற்றி ஒரு பொய்யை ஊதி, அவன் தலையை வெட்டவைத்து, அவனுடைய பதவியில் தான் உட்கார்ந்துகொள்வான். "ஜனா, நடிக்கிற மாதிரியே தெரியல சார், பிச்சு உதறுறீங்க!" என்று ஒத்திகையில் மெச்சினார் நாடகத்தை எழுதி இயக்கும் சுந்தரமூர்த்தி. நடிப்பாக எப்படித் தெரியும்? பழகிய வேலையாயிற்றே!

விரி என்ற புறநகரில் இருக்கும் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டை அடுக்கில் மோதி, சரக்கைச் சாய்த்து, ஒருவனின் காலை நசுக்கியவன் ஜனார்த்தன். மேனேஜரின் காதோரம் போய், "மகேசன் குடித்துவிட்டு ஓட்டினார், என் கண்ணால் கண்டேன்" என்றவனும் அவனே. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்த மகேசன்! கள்ளின் வாடையே ஆகாத மனிதர். வேலை போயிற்று, வேலையோடு ஒட்டியிருந்த விசாவும் போகப்போகிறது என்று ஆனது. சோறு இறங்காமல் மெலிந்து, மனுரேவா ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருடைய சூப்பர்வைசர் நாற்காலியில் ஜனார்த்தன் போய் உட்கார்ந்தான். செத்தவீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுததும் அந்தப் பாவிதான்.

கதவு திறந்தது. கௌரி. மகேசனின் மனைவி. நாடகக் குழுவுக்கு எப்போதும் உடுப்புத் தைப்பவள் அவள்தான்.

"இது இன்னும் காயேல்லை அக்கா."

"அது காயாது தம்பி."

அவள் பட்டையைக் கையில் எடுத்தாள். "உங்கட மேனேஜரை நான்தான் கூப்பிட்டனான். முன்வரிசையில இருக்கிறார். மேடையேற முன்னம் போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ, மகேசன் குடிக்கேல்லை எண்டு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அவன் கதவைச் சாத்தினான். இவளுக்கு யார் சொன்னது? சொன்னால் பதவி போகும், விசா போகும், ஊரே காறித் துப்பும்.

"என்ன கதைக்கிறியள் அக்கா? நான் கண்டதைத்தானே சொன்னனான்."

அவள் கத்தவில்லை, அழவில்லை. பட்டையை அவன் கழுத்தில் வைத்துப் பின்னால் நாடாவைக் கட்டத் தொடங்கினாள். விரல்கள் நிதானமாக வேலை செய்தன.

"கூடப்பிறக்காத தம்பி எண்டு சொல்லி நீங்களும் வாய்க்கரிசி போட்டனீங்கள். எல்லாரும் போட்ட அரிசி அவற்ற வாய்க்குள்ள நிண்டது. நீங்கள் போட்டது மட்டும் ஒரு மணி மிச்சமில்லாமல் கடைவாயால வழிஞ்சு துணியில விழுந்தது. அவர் வாங்கேல்லை தம்பி. நான் பொறுக்கி வைச்சிருந்தனான்." முடிச்சு இறுகியது. "அதிலதான் கஞ்சி காய்ச்சினனான்."

இப்போது தெரிந்தது அந்த வாசம். சவப்பெட்டியருகே குனிந்தபோது முகர்ந்தது. அவன் இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து இழுத்தான். தோலோடு ஒட்டியிருந்தது.

"ஜனா! உங்க என்ட்ரி! வாங்க வாங்க!" சுந்தரமூர்த்தி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

வெளிச்சம் கண்ணில் அடித்தது. குனிந்து பார்த்தான், உடம்பு தெரியவில்லை, வெள்ளை வட்டம் மட்டுமே தெரிந்தது. முன்வரிசையில் மேனேஜர் சிரித்தபடி கைகாட்டினார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இல்லை, காலியாக இல்லை. யாரோ உட்கார்ந்திருந்தார். தாடையிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

கால்கள் பழக்கத்தில் நடந்தன. ராஜாவின் முன் மண்டியிட்டான். காதோரம் குனிந்தான்.

"அரசே, என் கண்ணால்..."

நாக்கினடியில் ஏதோ நெருடியது. சின்னதாக. சில்லென்று.

ஓர் அரிசி.

விழுங்கினான். இன்னொன்று. பட்டை இறுகவில்லை. குளிர்தான் இறுகியது. கழுத்துக்குள். தொண்டைக்குள். கீழிருந்து மேலே.

மேனேஜருக்குப் பக்கத்தில் இருந்தவர் கையை உயர்த்தினார். தாடைக் கட்டை அவிழ்த்தார். வாய் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் இருட்டு.

சொல்லிவிடலாம். ஐயோ, இப்போதே சொல்லிவிடலாம்! ஜனார்த்தன் மேனேஜரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"நான்தான்..."

சொல் வரவில்லை. அரிசி வந்தது. கடைவாயில் வழிந்து, வெள்ளை மடிப்புகளில் உருண்டு, மேடைப் பலகையில் கொட்டியது. சபை ஒரு கணம் அசந்துபோய்ப் பிறகு ஓவென்று கைதட்டியது. "செம ஆக்டிங்!" யாரோ விசிலடித்தார்கள். மேனேஜரும் எழுந்து நின்று தட்டினார்.

பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

மேடைப் படியில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. திரையோரம் கௌரி தலை குனிந்து வழிவிட்டாள்.

வெள்ளைத் தட்டில் வைத்ததுபோல் அவன் தலை. மூட முடியாத வாய். அதை நோக்கி, அவசரமே இல்லாமல், ஒரு பிடி அரிசியோடு வந்துகொண்டிருந்தது மகேசனின் கை.